வெள்ளானூர்க் காட்டு ஆதொண்டை

போன மாதம் என் பெண் என்னைக் கடலோரத்தில் இருக்கும் ஒரு காட்டுப் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். காட்டுப் பூங்கா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. காடு என்றால் காடு, பூங்கா என்றால் பூங்கா. இரண்டும் சேர்ந்தால் என்ன கணக்கு? போய்ப் பார்த்தால், பழைய சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டு இந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளைத் தேடிப்பிடித்து நட்டு வளர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு தகரப் பலகை, பலகையில் பெயர். ஒரு சின்னப் பெண் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, "இது காயா, இது விழுதி, இது களா" என்று காட்டிக்கொண்டே நடந்தாள். களாப் பூ வாசனை மூக்கில் ஏறியதும் நான் நடக்காமல் நின்றுவிட்டேன். என் பெண் மூச்சிரைப்பு என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு முள்கொடி வேலிமேல் ஏறிப் படர்ந்திருந்தது. நீள நீளமான கேசரங்களோடு, பூனை மீசை மாதிரி பூக்கள். "இது ஆதொண்டை. ஒரே கொடியில வெள்ளையும் சிவப்பும் பூக்கும், பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

"சிவப்பா பூக்காதும்மா" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பெண் என் முழங்கையைக் கிள்ளினாள். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று முழுதும் சொன்னேன். பூக்கும்போது எல்லாம் வெள்ளைதான். பொழுது ஏற ஏற ரோஜா நிறமாகும், மறுநாள் கருஞ்சிவப்பாகும், அப்புறம் சுருண்டு விழும். வெள்ளை இன்றைய பூ, சிவப்பு நேற்றைய பூ. அவ்வளவுதான்.

"எப்படி சார் இவ்வளவு தெரியும்?" என்று கேட்டாள். செடி சம்பந்தமாகக் கொஞ்ச நாள் உத்தியோகம் பார்த்தேன் என்று மழுப்பிவிட்டேன். உங்களிடம் என்ன மழுப்பல்? சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் தாவர இயல் பகுதியில் எனக்கு முதல் வேலை. கௌரவமாகச் சொன்னால் உதவியாளர். உள்ளபடி சொன்னால் இலை காயப்போடுகிறவன். செடியைக் கொண்டுவந்து காகித மடிப்புக்குள் வைத்து அழுத்தி, காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, ஓரத்தில் சீட்டு எழுத வேண்டும். என்ன செடி, எங்கே கிடைத்தது, பூ என்ன நிறம், உள்ளூரில் அதற்கு என்ன பெயர். காய்ந்த பூ எல்லாம் ஒரே காவி நிறமாகிவிடும் என்பதால் நிறத்தைப் பறித்த இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தகரப் பெட்டி கொடுத்திருந்தார்கள். பச்சை வர்ணம் அடித்த, உருளையான பெட்டி. அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை ஆவடி ஸ்டேஷனில் இறங்கினபோது ஒருத்தர் நொண்டுகிற பசு மாட்டை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "ஊசி போடறவரு நீதானே நைனா?" என்றார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை. மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்து, குளம்பில் இருந்த கருவேல முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் நகர முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் நான் மாட்டு வைத்தியன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆவடிக்குத்தான் போவேன். எத்தனையோ ஊர் இருக்க ஆவடி ஏன் என்று எங்கள் பேராசிரியர் ஒரு நாள் கேட்டார். அங்கேதான் முள்காடு நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. வெள்ளானூரிலிருந்து முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் வரை செம்மண் மேட்டில் அப்படி ஒரு காடு அப்போது இருந்தது. பெரிய மரங்கள் கிடையாது. ஆள் உயரத்துக்குக் காரை, சூரை, களா, நடுநடுவே வெட்பாலை. பங்குனி பிறந்தால் காயாச் செடி கிளையெல்லாம் நீலத்தைப் பூசிக்கொண்டு நிற்கும். மழைக்காலத்தில் புதருக்குள்ளிருந்து கார்த்திகைப் பூ நெருப்பாகத் தலையை நீட்டும். தரையோடு தரையாக விஷ்ணுகிராந்தி. பிற்பகலில் பட்டணத்திலிருந்து கடல்காற்று கிளம்பி, ஊர் ஊராக நின்று நின்று வருகிற மாதிரி தாமதமாக அங்கே வந்து சேரும். அது வந்ததும் காடு முழுக்கக் களாப் பூ மணக்கும். மல்லிகை வாசனையை ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலந்தால் எப்படியோ அப்படி. நான் பேராசிரியரிடம் சொல்லாதது ஒன்றுதான். வெள்ளானூரில் என் தாய்மாமன் வீடு இருந்தது. மாமன் வீட்டில் கனகம் இருந்தாள்.

கனகத்தை எப்படிச் சொல்வது? அழகா என்று கேட்டால், எனக்கு அழகு. வாய் நீளம். விறகு ஒடிக்க அண்டைவீட்டுப் பெண்களோடு காட்டுக்கு வருவாள். முறைப் பையன், முறைப் பெண் என்பதால் நாங்கள் பேசிக்கொண்டு நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் கேலி செய்வார்கள், அது நன்றாகத்தான் இருக்கும். முதல் நாள் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா மாமா, ஆடு கூட இத மோந்து பாத்துட்டுப் போயிடும். இதப் போயி ரயில்ல ஏத்திகினு போறியா?"

"படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டணும்."

"அதுங்களுக்குக் காலு இல்லியா? இங்க வந்து பாத்துட்டுப் போட்டுமே."

நான் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பெரிய செடிகளுக்கெல்லாம் ஊரில் பெயர் உண்டு. காலடியில் கிடக்கிற பொடிப் பூக்களுக்குக் கிடையாது. என் சீட்டில் உள்ளூர்ப் பெயர் என்று ஒரு இடம் காலியாக இருப்பதைக் கனகத்திடம் சொன்னேன். "காலியாவா வுடறது? பாவம்" என்று அவளே பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டாள். வெயில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும் ஒரு நீலப் பூவுக்குக் கோவக்காரி. எதன் மேலாவது சாய்ந்துகொண்டே வளரும் ஒரு மஞ்சள் பூவுக்குச் சோம்பேறி மருமவ. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஒற்றையாகப் பூக்கும் ஒன்றுக்கு, என்னைப் பார்த்துக்கொண்டே, பட்டணத்து மாமா என்று வைத்தாள். நான் எல்லாவற்றையும் சிரத்தையாக அப்படியே எழுதிக்கொண்டு போய் ஒட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "சோம்பேறி மருமவ... எவ்வளவு கவித்துவமான ஜனங்கள்!" என்று நெகிழ்ந்துபோனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்கத்தான்.

அவரிடம் திட்டு வாங்கினது ஆதொண்டையால். வெள்ளைப் பூ என்று சீட்டில் எழுதியிருக்கிறேன். ரயிலில் வந்து பெட்டியைத் திறந்தால் பூ சிவந்து கிடக்கிறது. "உனக்கு நிறக் குருடா?" என்று கேட்டார். மறு வாரம் விடிகாலையே போய்க் கொடிக்கு முன்னால் உட்கார்ந்து பகல் முழுக்க ஒரே பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு கனகத்திடம் சொன்னால், "இது இன்னா அதிசயம்? காலைல வெள்ளச் சேல, சாயந்திரம் செவப்புச் சேல. அவளுக்கு ரெண்டு சேல கீது" என்றாள். எத்தனை நாள் விறகு ஒடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறாளோ. எங்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் வேறு யாருக்காவது அது தெரியுமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு பூவுக்கு முன்னால் பொழுதன்றைக்கும் நிற்க உழவு வேலை செய்கிறவர்களுக்கு ஏது நேரம்? அவர்களுக்கு வெள்ளைப் பூ வேறு, சிவப்புப் பூ வேறு. இரண்டும் ஒரு கொடியில் பூப்பது கன்னியம்மாவின் மகிமை.

கன்னியம்மா அந்தக் காட்டின் நடுவில் இருந்த தெய்வம். கூரை இல்லை, சுவர் இல்லை, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மேலே பந்தல் போட்ட மாதிரி ஆதொண்டை படர்ந்திருக்கும். ஊரில் எந்தப் பெரிய விஷயமானாலும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மற்ற ஊர்களில் கையில் கிடைத்த பூவைக் கட்டுவார்கள். இவர்கள் அதிலும் சுத்தம். பொட்டலம் இரண்டும் கைக்கு ஒன்று போலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் கை கனத்தைப் பார்த்து ஏமாற்றிவிடும் என்று, அம்மன் கொடியிலேயே வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறித்துப் பூவரச இலையில் கட்டுவார்கள். குழந்தை எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அம்மன் வார்த்தையைச் சந்தேகப்பட்டதாகும். வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி அதைக் கொண்டுபோய் அப்படியே ஏரியில் விட்டுவிட வேண்டும்.

என் அம்மா கனகத்தைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, வாயெல்லாம் பல். மாமாவுக்குத்தான் மனசு இரண்டாக இருந்தது. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வேறொரு இடம் வந்திருந்தது. கிணறும் நிலமுமான குடும்பம். தங்கை மகனையும் விட மனசில்லை, இலை காயப்போடுகிறவனுக்குக் கொடுக்கவும் துணிவில்லை. கடைசியில், "கன்னியம்மா கைல வுட்டுட்டேன். அவ சொல்றபடி ஆவட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் காட்டில் எனக்கு வேண்டாதவர் யாரும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது எப்போதும் விடியலில்தான். பறிப்பார்கள், கட்டுவார்கள், எடுப்பார்கள், எல்லாம் சூரியன் மேலே வருவதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கும் பூசாரி இருட்டு விலகும்போதே பூப் பறித்துக் கட்டிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டார். மாமாவின் அண்ணன், பெரிய மாமா, கரையான்சாவடியிலிருந்து வரவேண்டும். அவர் இல்லாமல் குடும்பத்து விஷயம் எதுவும் நடக்காது. சண்டை மூண்டிருந்த சமயம் அது. பட்டாளத்து லாரிகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்ததால் மாட்டு வண்டிகளை ரோட்டில் விடாமல் நிறுத்திவிட்டார்கள். வருவார் வருவார் என்று காத்திருந்தோம். கட்டின பூவை அவிழ்த்துவிட்டு வேறு கட்டக் கூடாது. அது அம்மன் முன்னால் வைத்தது. வெயில் உச்சிக்கு வந்து, சாயவும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு உள்ளே என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய மாமா வரவில்லையே என்கிற கவலைதான் அது என்று நினைத்தேன். என்ன மனுஷன் பாருங்கள் நான்! ஒரு பகல் முழுக்க அதே பூவுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவன், கல்யாண நினைப்பில் அதை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

கடல்காற்று வந்து சேர்ந்த நேரத்துக்குப் பெரிய மாமாவும் வந்து சேர்ந்தார், தலையெல்லாம் புழுதியோடு. சூடம் ஏற்றினார்கள். மாமா வீட்டுச் சின்னக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எடுக்கச் சொன்னார்கள். அது ஒரு பொட்டலத்தை எடுத்து நேரே வாயில் வைத்தது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார்.

"செவப்பு" என்றார்.

இலையில் கிடந்ததைப் பார்த்தேன். நல்ல ரோஜா நிறம். கேசரமெல்லாம் விறைப்பாக நின்றன. அப்போதுதான் என் மூளைக்கு விஷயம் போனது.

"மாமா, இது காலைல வெள்ளையா இருந்த பூ! இது இன்னிக்குப் பூத்தது. நேத்துப் பூவா இருந்தா இந்நேரம் கறுத்துச் சுருண்டு போயிருக்கும்!"

"இன்னாடா ஒளர்ற?"

"சத்தியமா மாமா. இது சிவக்கிற ஜாதி. அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சாத் தெரிஞ்சு போயிடும்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பதற்றம் வந்தால் படித்ததெல்லாம் வெளியே வரும். அந்தச் செடிக்கு லத்தீனில் என்ன பெயர், என்ன குடும்பம் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டி அம்மன் சன்னிதியில் பிரசங்கம் செய்தேன். பூசாரி, எனக்குக் காற்று சேட்டை பிடித்துவிட்டது என்று நினைத்து நெற்றியில் விபூதியை அப்பினார். பெரிய மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மாமா மட்டும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"டேய், எனுக்கு மட்டும் ஆசை இல்லியா? ஒன்ன நான் தூக்கி வளத்தவன்டா. அவ வாணாம்ன்னுட்டா. இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சா அவள நம்பலேன்னு ஆயிடும். அந்தப் பாவத்த எம் பொண்ணு தலைல வெக்க சொல்றியா?"

கனகம் எட்டத்தில் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கல்யாணப் பேச்சில் சம்பந்தப்பட்ட பெண் அம்மன் முன்னால் வாய் திறக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். பிறகு எடுக்காத பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்து ஏரிக்கு அனுப்பினார்கள். வீட்டில் கல்யாணமாகாத பெண் அவள் ஒருத்திதானே.

அம்மன் வேண்டாம் என்று சொன்ன ஆள் அன்றைக்கு அந்த ஊரில் கை நனைக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். அத்தை எனக்காக விரால் மீன் குழம்பு வைத்திருந்தாள். வாசலைத் தாண்டும்போது வாசனை வந்தது. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. பெரிய மாமா வண்டியிலேயே என்னை ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டணத்துக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். காலையில் காத்திருந்த நேரத்தில் பழக்க தோஷத்தில் பறித்துப் போட்ட செடிகள் உள்ளே இருந்தன. என்ன செய்ய, அவற்றையும் அழுத்திக் காயப்போட்டேன்.

கனகத்தைத் திருவள்ளூர்ப் பக்கத்துக்கே கொடுத்தார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆவடிப் பக்கமும் போகவில்லை. செங்கல்பட்டுச் செடிகளில் எனக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. சண்டை முற்றினதும் பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்று அந்தக் காட்டையே எடுத்துக்கொண்டார்கள். காரை, களா, காயா எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினார்களாம். களா விறகு எரிந்தால் அதிலும் வாசனை வருமோ என்னவோ, கேட்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் கல்யாணமாயிற்று. நல்ல மனுஷி, மகராசி. எங்கள் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சண்டை ஓய்ந்து பட்டாளம் பாதி கிளம்பிப்போன சமயத்தில் ஒரு வேலையாகக் கரையான்சாவடிக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் யாரோ பின்னாலிருந்து "மாமா!" என்று கூப்பிட்டார்கள். கனகம். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். சௌக்கியமா, சௌக்கியம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றோம். பிறகு அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிகினே கீறேன் மாமா. ஏரில வுடச் சொன்னாங்களே, அந்தப் பொட்டலத்த நான் பிரிச்சேன்."

நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன்.

"கருஞ்செவப்பு. சுருண்டு போயி, தொட்டவுடனே உதுந்துது. முந்தின நாளு பூ. ஒனக்கு வந்ததுதான் காலைல வெள்ள."

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"ஓடியாந்து சொன்னேன். பிரிச்சியான்னு ஓங்கி ஒரு அற வுட்டாரு. பிரிச்சவ பேச்ச அம்மன் ஏத்துக்க மாட்டான்னுட்டாரு. நீயும் வண்டி ஏறிப் பூட்ட." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "கன்னியம்மா சரின்னுதான் சொன்னா மாமா. அதத் தெரிஞ்சிக்க ஒனக்குத்தான் ஆசையா இருக்கும்னு சொன்னேன். தப்பா எடுத்துக்காத."

குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சமாதானப்படுத்திக்கொண்டே அவள் போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெற்றிலைக் கடைக்காரர், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

காடு இருந்த இடத்தில் இப்போது கம்பி வேலிக்குள் ஓட்டுக் கட்டடங்கள், தார் ரோடு, வரிசை பிசகாமல் நட்ட அசோக மரங்கள். வெள்ளானூரில் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. மாமா வீடு இருந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னியம்மாவை அப்போதே பெயர்த்துக்கொண்டு வந்து முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ரோட்டோரமாக வைத்தார்கள். இப்போது பளிங்குத் தரை, இரும்புக் கதவு, டியூப் லைட் எல்லாம் இருக்கிறது. பூக்கட்டிப் பார்க்கிற வழக்கமும் இருக்கிறதாம். மல்லிகையும் அரளியும் கடையில் வாங்கிக் காகிதத்தில் மடித்து வைக்கிறார்கள். அவை நிறம் மாறுவதில்லை. மாமா கடைசிவரை அம்மன் மறுத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டேதான் போனார். அத்தை போனாள், பூசாரி போனார், பெரிய மாமா போனார். கன்னியம்மா சரி என்று சொன்னது கனகத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. இந்தத் தை மாதம் கனகமும் போய்விட்டாள். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.